220-ஆ, 470-ஆ, 1 கே-யா: எல்.இ.டி.க்கு எந்த ரெசிஸ்டர் வாங்குவது?

அக்கா பையன் எட்டாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கலங்கரை விளக்கம் செய்தான். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1836-ல் கட்டிய பழைய விளக்கத்தைப் பார்த்துவிட்டு வந்த வேகம். பி.வி.சி. குழாயில் கோபுரம், உச்சியில் கவிழ்த்த கண்ணாடி டம்ளர், உள்ளே ஒரு வெள்ளை எல்.இ.டி., அடியில் பழைய செல்போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட். கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் மட்டும் பாக்கி. கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் கடலூர் திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலிருந்து போன் வந்தது.

"மாமா, கடைக்கார அண்ணன் 220 போடச் சொல்றாரு. சயின்ஸ் மிஸ் 1 கே சொன்னாங்க. வீடியோவுல 470 போடறாங்க. எதை மாமா வாங்கறது?"

"மூணையும் வாங்கிட்டு வா, மூணு ரூபாய்தானே" என்றேன். அன்று ராத்திரி 220 ஓம், 470 ஓம், 1 கே (ஆயிரம் ஓம்) மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தோம். மூன்றிலும் விளக்கு எரிந்தது. மூன்றிலும் ஒன்றும் கருகவில்லை. அப்படியானால் எதற்கு இத்தனை கருத்து வேறுபாடு? இதே கேள்வியோடு மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள், கொலுப்படிக்கு விளக்கு வைக்கும் பக்கத்து வீட்டு அக்கா, மீன்பிடிப் படகில் 12 வோல்ட் பேட்டரி வைத்திருக்கும் தம்பி என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் தவறவிடுவது ஒன்றுதான்: எல்.இ.டி. எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறார்கள், சப்ளை எவ்வளவு ஆடும் என்று கேட்பதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் கணக்கு. அது ஒரே வரிதான்:

ரெசிஸ்டர் (ஓம்) = (சப்ளை வோல்ட் − எல்.இ.டி. எடுக்கும் வோல்ட்) ÷ கரண்ட் (ஆம்ப்)

எல்.இ.டி. எடுக்கும் வோல்ட் நிறத்தைப் பொறுத்தது. சிவப்பு, மஞ்சள் என்றால் ஏறத்தாழ 2. நீலம், வெள்ளை என்றால் 3 முதல் 3.4. நீல ஒளிக்குச் சக்தி அதிகம் தேவை என்பதால் வோல்ட்டும் அதிகம். வெள்ளை என்று தனியாக ஒன்று கிடையாது. உள்ளே இருப்பது நீலச் சில்லுதான், மேலே மஞ்சளாக ஒளிரும் பூச்சு பூசியிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டுக்கும் ஒரே வோல்ட். பச்சையில் மட்டும் இரண்டு ஜாதி உண்டு. பழைய மங்கலான இளம்பச்சை 2 வோல்ட் சொச்சம். கண்ணைப் பறிக்கும் புதுப் பச்சை 3 வோல்ட்டை ஒட்டி. கடையில் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். இந்தக் கட்டுரையில் சிவப்புக்கு 2, வெள்ளைக்கு 3.2 என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி, எடை போட வேண்டிய விஷயங்கள்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும். சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி.க்கு 20 மில்லியாம்ப் (ஆம்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லியாம்ப்) என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு எல்லாரும் 20-க்குக் கணக்குப் போடுகிறார்கள். மாட்டு வண்டியில் அதிகபட்சம் இத்தனை மூட்டை ஏற்றலாம் என்றால் தினமும் அத்தனையும் ஏற்ற வேண்டும் என்று அர்த்தமா? நம் கண்ணுக்கு வேறு ஒரு குணம் உண்டு. கரண்டைப் பாதியாக்கினால் வெளிச்சம் பாதியானதாகத் தெரியாது, கொஞ்சம் குறைந்ததாகத்தான் தெரியும். இப்போது வரும் பளிச்சென்ற எல்.இ.டி.க்களில் 'கரண்ட் இருக்கிறது' என்று காட்ட மட்டும் என்றால் 2 மில்லியாம்ப் தாராளம். பகலில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்றால் 8 முதல் 12.

சப்ளை எவ்வளவு ஆடும். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட் ஆடாது. புதிதாக 9 வோல்ட் இருக்கும் சதுர பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். அது கெடுதல் இல்லை, மங்கும், அவ்வளவுதான். ஆனால் '12 வோல்ட்' பேட்டரி 12 வோல்ட்டில் நிற்கிற ஜீவன் இல்லை. முழுசாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருந்தால் 12.6 சொச்சம். சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். இறங்கினால் 11.5. இதற்குக் கீழே விரிவாக வருகிறேன்.

ரெசிஸ்டர் சூடு. கடையில் சும்மா 'ரெசிஸ்டர்' என்று கேட்டால் கிடைப்பது கால் வாட். (ஒரு பையன் இதைக் 'காலுக்கு இவ்வளவு வாட்' என்று நினைத்திருந்தான். இரண்டு கால் இருப்பதால் அரை வாட் தாங்கும் என்றும் கணக்குப் போட்டிருந்தான்.) கால் வாட் என்றால் 0.25 வாட். அதில் பாதிக்கு மேல் போகவிடாமல் இருப்பது என் பழக்கம். நம் ஊர் மே மாதத்தில் மூடிய டப்பாவுக்குள் இருக்கும் ரெசிஸ்டருக்கு அந்த இரக்கம் தேவை.

எதிலிருந்து கரண்ட் எடுக்கிறோம். ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) பின்னிலிருந்து என்றால் ஒரு பின்னுக்கு 20 மில்லியாம்புக்குள் நிறுத்துவது நல்லது. 40 என்பது அதன் எல்லைக் கோடு, அங்கே போகக்கூடாது. முழுச் சிப்புக்கும் சேர்த்து 200.

நாளைக்கு வேறு சப்ளையில் மாட்டுவீர்களா. இதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. பிள்ளைகள் செய்த எதுவும் செய்த இடத்திலேயே இருப்பதில்லை.

## மூன்றும் ஒரே பலகையில்

| ரெசிஸ்டர் | 5 வோல்ட், சிவப்பு | 5 வோல்ட், வெள்ளை | 9 வோல்ட், சிவப்பு | 12 வோல்ட், சிவப்பு | 12 வோல்ட்டில் ரெசிஸ்டர் சூடு |
|---|---|---|---|---|---|
| 220 ஓம் | 13.6 | 8.2 | 32 | 45 | 0.45 வாட் |
| 470 ஓம் | 6.4 | 3.8 | 15 | 21 | 0.21 வாட் |
| 1 கே (1000 ஓம்) | 3 | 1.8 | 7 | 10 | 0.10 வாட் |

கடைசிக் கட்டம் தவிர மற்றதெல்லாம் மில்லியாம்ப். ஏட்டுக் கணக்குதான், மீட்டரில் சற்று முன்பின் இருக்கும். குறைந்த கரண்டில் வெள்ளை எல்.இ.டி. 2.8 வோல்ட் வரை இறங்கி வேலை செய்யும், அதனால் அதில் நிஜக் கரண்ட் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

## 220 ஓம்

5 வோல்ட்டுக்கு என்றே பிறந்த மதிப்பு. கலங்கரை விளக்கத்துக்கு நாங்கள் கடைசியில் வைத்தது இதைத்தான். கண்காட்சி பகலில், ஜன்னல் திறந்த வகுப்பறையில். டம்ளருக்குள் இருக்கும் வெளிச்சம் பத்தடியில் தெரிய வேண்டும். வெள்ளையில் 8 மில்லியாம்ப் அதற்குச் சரியாக இருந்தது. 1 கே வைத்தபோது ராத்திரியில் அழகாக இருந்த விளக்கு, காலையில் எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்கும்படி ஆகிவிட்டது.

3.3 வோல்ட் போர்டுகளுக்கும் சிவப்பு எல்.இ.டி. என்றால் 220 பொருந்தும், 6 மில்லியாம்ப் வரும். அதே 3.3 வோல்ட்டில் வெள்ளை அல்லது நீலம் வைத்து மங்கலாக எரிந்தால் ரெசிஸ்டர் மீது பழி போடாதீர்கள். அங்கே ரெசிஸ்டருக்கு மிச்சம் விழ வோல்ட்டே இல்லை. 5 வோல்ட்டிலிருந்து எடுத்து டிரான்சிஸ்டர் வழியாகக் கட்டுப்படுத்துவதுதான் வழி.

220-இன் மறைவான செலவு, இடம் மாறும்போது வருகிறது. 5 வோல்ட்டுக்குச் செய்ததை யாராவது 9 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் 32 மில்லியாம்ப், எல்.இ.டி. பளீரென்று எரியும், 'இதுதான் சூப்பர்' என்று அப்படியே விட்டுவிடுவார்கள், சில நாளில் மங்கிப்போகும். 12 வோல்ட் அடாப்டரில் மாட்டினால் ரெசிஸ்டர் 0.45 வாட் சுமக்கும். கால் வாட் ரெசிஸ்டர் தீய்ந்த வாடையோடு பழுப்பாகும். எங்கள் வீட்டில் எல்லா அடாப்டருக்கும் ஒரே மாதிரி முனை. இந்த விபத்து நடக்காத வருஷம் இல்லை.

## 470 ஓம்

ஒரே மதிப்பு நூறு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது என் கையைப் பிடித்துக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 5 வோல்ட்டில் சிவப்பு 6, வெள்ளை 4 மில்லியாம்ப். வீட்டுக்குள் வைக்கும் எதற்கும் போதும். 9 வோல்ட்டில் 15, அதுவும் எல்லைக்குள். ஆர்டுயினோவில் எட்டு எல்.இ.டி. ஓடவிட்டாலும் மொத்தம் 50 மில்லியாம்ப்தான், சிப் மூச்சு வாங்காது. அதே எட்டும் 220-இல் என்றால் 109.

12 வோல்ட்டில் ஒற்றை எல்.இ.டி.க்கு 470 வேண்டாம். 21 மில்லியாம்ப் என்பது எல்.இ.டி.க்குப் பரவாயில்லை போலத் தெரியும், ஆனால் ரெசிஸ்டர் 0.21 வாட்டில் கை சுடும். அதே சப்ளை சார்ஜ் ஏறும் பேட்டரியாக இருந்து 14.4-க்குப் போனால் 26 மில்லியாம்ப், 0.33 வாட். இரண்டும் எல்லை தாண்டியாச்சு.

## 1 கே

சயின்ஸ் மிஸ் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. முப்பது பிள்ளைகள், முப்பது விதமான பேட்டரி, யார் எதை எங்கே மாட்டுவார்கள் என்று தெரியாத வகுப்பறை. அங்கே 1 கே கொடுத்தால் 5-லிருந்து 15 வோல்ட் வரை எதில் மாட்டினாலும் ஒரு எல்.இ.டி.யும் சாகாது, ரெசிஸ்டரும் கருகாது. ஆசிரியர் நிம்மதியாக இருக்கலாம்.

12 வோல்ட்டுக்கு ஒற்றை எல்.இ.டி. என்றால் கண்ணை மூடிக்கொண்டு 1 கே. பைக்கில் ஒரு இண்டிகேட்டர், பேட்டரி பெட்டியில் 'ஆன்' விளக்கு, படகில் சுவிட்சைக் காட்டும் சிவப்புப் பொட்டு, எல்லாவற்றுக்கும் இதுதான். 24 வோல்ட்டுக்குப் போனால் 1 கே-யும் 22 மில்லியாம்ப் விட்டு அரை வாட் சூடாகிவிடும். அங்கே 2.2 கே, அதுவும் அரை வாட் ரெசிஸ்டராக.

பூஜை அறையில் ராத்திரி முழுக்க எரியும் விளக்குக்கும் 5 வோல்ட்டில் 1 கே-யைத்தான் சொல்வேன். பக்கத்து வீட்டு அக்கா கொலுவுக்கு முதலில் 220 வைத்திருந்தார். பொம்மைகளைப் பார்க்க விடாமல் விளக்கு கண்ணைக் குத்தியது. 1 கே மாற்றியதும் கிருஷ்ணர் முகம் தெரிந்தது.

இதன் செலவு வெளிச்சம்தான். பகலில் தெரிய வேண்டிய எதற்கும், அதிலும் 5 வோல்ட்டில் வெள்ளைக்கும் நீலத்துக்கும், இது பற்றாது.

## எல்லா மதிப்பும் இருக்கும் பெட்டி

சரி, மூன்றும் எதற்கு, இணையத்தில் முப்பது மதிப்புகள் கொண்ட பெட்டியே கிடைக்கிறதே என்பார்கள். வாங்கலாம். கணக்குப் போட்டு 300 ஓம் என்று விடை வந்தால் பெட்டியில் 330 இருக்கும், பக்கத்து மேல் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். சுற்று வட்டத்தில் ரெசிஸ்டர் கடை இல்லாதவர்களுக்கு இது வசதி. எங்கள் ஊரில் மூன்று மதிப்பு சுலபமாகக் கிடைக்கும், நான்காவதுக்கு அலைய வேண்டும். புதுச்சேரிக்கு பஸ் ஏறி, அங்கேயும் இல்லாமல், சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவரிடம் சொல்லிவிடுவது வரை போயிருக்கிறது.

பெட்டியில் ஒரு கண்ணி உண்டு. ரெசிஸ்டரின் மதிப்பை உடம்பில் உள்ள வண்ணப் பட்டைகளை வைத்துத்தான் படிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலும் வருவது நீல உடம்பும் ஐந்து பட்டையும் கொண்ட ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர். பழைய பழுப்பு உடம்பு ஐந்து சதவீத ரெசிஸ்டரில் ஓரத்தில் தங்கப் பட்டை இருக்கும், எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்ற குழப்பம் வராது. 220 என்றால் சிவப்பு, சிவப்பு, பழுப்பு, தங்கம். நீல உடம்பில் அதே 220, சிவப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு. தலைகீழாகப் பிடித்தால் பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, சிவப்பு. அது 10 கே! விளக்கு எரியவே இல்லை என்று எல்.இ.டி.யை மூன்று முறை மாற்றிய ஆள் நான். நீல ரெசிஸ்டர் வாங்குவதாக இருந்தால் கூடவே ஒரு மல்டிமீட்டரும் வாங்குங்கள், மாட்டும் முன் ஒவ்வொன்றையும் அளந்துவிடுங்கள்.

ஒரு சதவீதத் துல்லியம் எல்.இ.டி.க்குத் தேவையே இல்லை என்பது வேறு விஷயம். இருபது சதவீதம் மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது.

## 12 வோல்ட் பேட்டரி விளக்கு: என் கையைச் சுட்ட இடம்

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. கடலூரில் அன்று இருந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பல நாள் ஆனது. அப்போதுதான் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரு எல்.இ.டி. விளக்கு செய்து வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆறு வெள்ளை எல்.இ.டி.

எல்லாப் புத்தகக் கணக்கும் சொல்வதைச் செய்தேன். மூன்று வெள்ளையைத் தொடராகக் கோத்தால் 9.6 வோல்ட். மிச்சம் 2.4. அதற்கு 150 ஓம் போட்டால் 16 மில்லியாம்ப். இப்படி இரண்டு வரிசை. மேசையில் 12 வோல்ட் அடாப்டரில் மாட்டி மீட்டர் வைத்தால் கணக்குப் போலவே 16. ரெசிஸ்டரில் வீணாவது ஐந்தில் ஒரு பங்குதான் என்று பெருமை வேறு.

விளக்கைப் பேட்டரியோடு நிரந்தரமாக மாட்டி, பேட்டரியைச் சார்ஜரோடு விட்டேன். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. ஒரு வரிசை மங்கி, மஞ்சள் அடித்து, பிறகு ஒரேயடியாக அணைந்தது. தொடரில் ஒன்று போனால் மூன்றும் போச்சு. சார்ஜர் ஓடும்போது மீட்டர் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது: பேட்டரியில் 14.4 வோல்ட், எல்.இ.டி.யில் 32 மில்லியாம்ப்.

சப்ளை ஏறியது ஐந்தில் ஒரு பங்கு. கரண்ட் ஏறியது இரண்டு மடங்கு. எல்.இ.டி. தன் 3.2 வோல்ட்டில் ஏறத்தாழ அப்படியே நிற்கும், கூடுதலாக வரும் 2.4 வோல்ட் முழுவதும் ரெசிஸ்டர் தலையில் விழும். ரெசிஸ்டரில் ஏற்கனவே 2.4 வோல்ட்தான் இருந்தது என்றால் அது இரட்டிப்பாகிறது, கரண்டும் இரட்டிப்பாகிறது. நான் 'வீண்' என்று நினைத்து மிச்சம் பிடித்த வோல்ட்தான் விளக்கைக் காப்பாற்ற வேண்டிய வோல்ட். இதில் எல்.இ.டி. சூடானால் அதன் வோல்ட் கொஞ்சம் இறங்கும், கரண்ட் இன்னும் ஏறும். போதாக்குறைக்கு ஒவ்வொரு வெள்ளையும் 3.0-க்கும் 3.4-க்கும் நடுவே எங்கேயாவது இருக்கும். மூன்றும் 3.0 ஆகப் போய் அமைந்தால் 12 வோல்ட்டிலேயே 20 மில்லியாம்ப் ஆகிவிடும்.

அதன்பிறகு மூன்று விதமாகவும் போட்டுப் பார்த்தேன்.

| அமைப்பு | 11.5 வோல்ட்டில் | 12 வோல்ட்டில் | 14.4 வோல்ட்டில் | ஆறுக்கும் சேர்த்து, 12 வோல்ட்டில் |
|---|---|---|---|---|
| மூன்று மூன்றாக, 150 ஓம் | 12.7 | 16 | 32 | 32 |
| இரண்டு இரண்டாக, 470 ஓம் | 10.9 | 11.9 | 17 | 36 |
| ஒன்றுக்கு ஒன்று, 1 கே | 8.3 | 8.8 | 11.2 | 53 |

எல்லாம் மில்லியாம்ப். முதல் வரிசையில் 14.4 வோல்ட் கட்டத்துக்கும் 11.5 வோல்ட் கட்டத்துக்கும் இரண்டரை மடங்கு வித்தியாசம். மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, அவ்வளவே.

மூன்றாவதில் பேட்டரியின் சக்தியில் முக்கால் பங்கு ரெசிஸ்டரைச் சுட வைக்கத்தான் போகிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் அதை நாளாக மாற்றிப் பாருங்கள். 7 ஆம்பியர் மணி பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் வைத்தாலும் 53 மில்லியாம்புக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் எரியும். ஒரு ராத்திரிக்குப் பத்து மணி நேரம் என்றால் ஆறு ராத்திரி. இரண்டு இரண்டாகக் கோத்தால் ஒன்பது ராத்திரிக்கு மேல், வெளிச்சமும் கூடுதல். நான் இப்போது வைத்திருப்பது அந்த இரண்டாவது அமைப்பு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து மழை கொட்டியபோது எரிந்தது அதுதான்.

மூன்று மூன்றாகக் கோப்பது எப்போது சரி? சப்ளை 12-இல் ஆணி அடித்தாற்போல நிற்கும் நல்ல அடாப்டராக இருந்து, அதை விட்டு வேறெதிலும் மாட்டப்போவதில்லை என்றால். ஐம்பது அறுபது எல்.இ.டி. வைக்கும் பெயர்ப்பலகைக்கு அந்த மிச்சம் நிஜமாகவே மிச்சம்.

## கரண்டைத் தானே பிடித்து வைக்கும் சுற்று

ரெசிஸ்டருக்குப் பதில் எல்.எம். 317 ஐ.சி. வைத்து, சப்ளை ஆடினாலும் கரண்ட் ஆடாமல் பிடிக்கலாம். கணக்கு இன்னும் சுலபம்: 1.25-ஐ வேண்டிய கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டர். 82 ஓம் போட்டால் 15 மில்லியாம்ப், எந்த வோல்ட்டிலும்.

ஆனால் அந்தச் சுற்றுக்குத் தனக்கென்று ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். மூன்று வெள்ளை எடுக்கும் 9.6-ஐயும் இந்த 3-ஐயும் கூட்டினால் 12.6. பேட்டரி சற்று இறங்கியதுமே பிடி நழுவி விளக்கு மங்க ஆரம்பிக்கும். எந்த அமைப்புக்குக் காவல் அதிகம் தேவையோ அங்கேயே இது சரியாக உட்காருவதில்லை. இரண்டு வெள்ளைக்கு நன்றாக உட்காரும், ஆனால் அங்கே 470 ஓம் ரெசிஸ்டரே போதுமான வேலையைச் செய்துவிடுகிறதே! ஒரு ரூபாய் வேலைக்கு ஒரு ஐ.சி.யும் கூடுதல் சால்டரும் எதற்கு என்று எனக்குத் தோன்றும்.

1 வாட் எல்.இ.டி. என்றால் கதை வேறு. அது 350 மில்லியாம்ப் கேட்கும். 12 வோல்ட்டில் ரெசிஸ்டர் வைத்தால் எல்.இ.டி. 1 வாட் எடுக்க, ரெசிஸ்டர் 3 வாட் சூடாகும். எல்.எம். 317 வைத்தாலும் அந்தச் சூடு இடம்தான் மாறும், குறையாது. அங்கே ரெசிஸ்டர் பேச்சே வேண்டாம், அதற்கென்று விற்கும் டிரைவர் போர்டு வாங்குங்கள்.

## ரெடிமேட் 12 வோல்ட் பட்டை

வெட்டி ஒட்டும் எல்.இ.டி. பட்டையில் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும், கணக்கு இல்லை, சால்டர் குறைவு. கொலுப்படிக்கும் கண்ணாடி அலமாரிக்கும் இதைவிடச் சுலபம் இல்லை. ஆனால் உற்றுப் பாருங்கள்: வெட்டும் கோடுகளுக்கு நடுவே மூன்று எல்.இ.டி., பக்கத்தில் '151' என்று எழுதிய குட்டி ரெசிஸ்டர். 15-க்குப் பின் ஒரு பூஜ்யம், 150 ஓம். நான் மேசையில் செய்து ஏமாந்த அதே அமைப்பு! அடாப்டரில் வருஷக்கணக்கில் எரியும். பைக்கிலும் சார்ஜ் ஏறும் பேட்டரியிலும் மாட்டினால் என் பழைய விளக்கின் வழிதான்.

தேவனாம்பட்டினம் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொன்று. பட்டையின் வெட்டிய முனையில் செம்பு திறந்திருக்கும். உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலத்துக்குள் பச்சை பூத்து விடும். வெட்டியதும் முனையில் சிலிக்கான் பசை ஒரு சொட்டு.

## செய்யக்கூடாதவை, சுருக்கமாக

பல எல்.இ.டி.க்களை இணையாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடாதீர்கள். வோல்ட் சற்றே குறைவாக உள்ள ஒன்று கரண்டில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும், சூடாகும், இன்னும் இழுக்கும். அது போனதும் அடுத்தது. ஒன்றுக்கு ஒன்று வையுங்கள்.

ரெசிஸ்டரே இல்லாமல் சி.ஆர். 2032 பட்டன் செல்லில் வெள்ளை எல்.இ.டி.யைச் சொருகினால் எரிகிறதே என்பார்கள். செல்லின் உள்தடையே ரெசிஸ்டர் வேலையைச் செய்கிறது, அதனால் எரிகிறது. பட்டன் செல்லுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. இரண்டு பென்சில் பேட்டரியில் சிவப்பை அப்படிச் சொருகினால் எல்.இ.டி. போய்விடும்.

வீட்டு 230 வோல்ட்டில் பெரிய ரெசிஸ்டர் போட்டு எல்.இ.டி. எரிப்பது பற்றிப் பிள்ளைகள் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி முடித்துவிடுவேன். அதன் உச்சி 325 வோல்ட். கணக்குச் சரியாக இருந்தாலும் தொடும் கம்பி மெயின் கம்பிதான்.

## கடையில்

கேட்ட மதிப்பு இல்லாவிட்டால் திரும்பி வர வேண்டாம்.

"அண்ணே, 470 இருக்கா?"

"470 தீந்துடுச்சு தம்பி, 560 இருக்கு, தரட்டா?"

வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து மேல் மதிப்பு எப்போதும் பரவாயில்லை, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 390 என்றாலும் 5 வோல்ட்டுக்குக் கவலையில்லை. 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு இரண்டாகக் கோக்கும் விளக்குக்கு என்றால் வேண்டாம், 560 கேளுங்கள். கால் வாட் இல்லை, அரை வாட்தான் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம், உருவம் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பதை மட்டும் அப்படியே பையில் போடாதீர்கள். மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் 470. மஞ்சள், ஊதா, கருப்பு என்றால் 47. கடை டியூப் லைட்டில் பழுப்பும் கருப்பும் ஒன்றாகத்தான் தெரியும். 47 ஓமில் 5 வோல்ட்டுக்கே சிவப்பு எல்.இ.டி.யில் 64 மில்லியாம்ப் போகும். வாசலுக்கு வந்து வெயிலில் மூன்றாவது பட்டையைப் பார்த்துவிட்டு, பிறகு காசு கொடுங்கள்.